பாலசரஸ்வதி குடும்பத்தின் நடனம் அமெரிக்காவில் என்ன ஆயிற்று?

நியூஜெர்சியில் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய மகள் எட்டு ஆண்டுகளாகப் பரதம் கற்கிறாள். அடுத்த கோடையில் அரங்கேற்றம். புகழ்பெற்ற பரத நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் குடும்பம் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் கற்பித்தது என்று படித்திருக்கிறார். "அப்படியானால் எங்கள் ஊரைச் சுற்றி இத்தனை நடன வகுப்புகள் இருந்தும் அந்தப் பாணியைச் சொல்லிக்கொடுக்கும் ஒருவரைக்கூட நாங்கள் சந்திக்கவில்லையே, ஏன்? வெள்ளைக்காரர்களுக்குக் கற்பித்ததால் அது நீர்த்துப் போய்விட்டதா?" என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று வரலாறு: ஒரு குடும்பத்தின் கலை கடல் கடந்து போய் என்ன ஆயிற்று என்பது. இன்னொன்று வெளியே சொல்லப்படாதது: சென்னையிலிருந்து இவ்வளவு தூரத்தில் என் மகள் கற்றுக்கொள்வது உண்மையான கலைதானா என்ற கவலை. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் நாட்டியத்துக்குப் பாடுகிறவள். முப்பது ஆண்டுகளுக்கு மேல், தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணமும் மெதுவான காதல் பாடலான பதமும் பாடியிருக்கிறேன். பாலசரஸ்வதியின் பாட்டி வீணை தனம்மாள் வீட்டுப் பாடாந்தரத்தில், அதாவது அந்த வீட்டில் பாடிவந்த முறையில், சில பதங்களை, அந்த வீட்டில் பாடம் கேட்டவர்களிடம் கற்ற ஒருவரிடமிருந்து எனக்குக் கற்கக் கிடைத்தது. ஆனால் நான் நடனமாடுகிறவள் அல்ல. பாலசரஸ்வதியின் ஆட்டத்தை நேரில் கண்டதும் இல்லை. ஒலிப்பதிவுகள், படத்தில் எஞ்சியிருக்கும் சில நிமிடங்கள், அவரைக் கண்டவர்களின் பேச்சு ஆகியவற்றின் வழியாகத்தான் அறிவேன். ஆகவே இசையைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். அடவைப் பற்றி, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகளைப் பற்றிச் சொல்வதை ஒரு பாடகியின் கருத்தாக மட்டும் கொள்ளுங்கள்.

முதலில் நேரடியான பதில். வெளிநாட்டினருக்குக் கற்பித்ததால் அந்தக் கலை நீர்த்துப் போகவில்லை. அது அமெரிக்காவுக்குள் நுழைந்த வாசல் வேறு, உங்கள் மகளின் வகுப்பு நுழைந்த வாசல் வேறு. இரண்டும் ஒரே நாட்டில் இருந்தும் ஒன்றையொன்று அதிகம் சந்திக்கவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த ஒரு வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அது தனம்மாளின் வீடு. அவர் காலம் 1867 முதல் 1938 வரை. வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த வீட்டில் அவர் வீணை வாசிப்பதைக் கேட்க ஊரின் பெரிய வித்துவான்கள் வந்து அமர்வார்கள். பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் நடனத்துக்கும் தனித்தனி வீடு என்று இல்லாத இசை வேளாளர் மரபு அது. தனம்மாளின் மகள் ஜெயம்மாள் பாடகி. ஜெயம்மாளின் மகள் பாலசரஸ்வதி 1918இல் பிறந்தார். ஜெயம்மாளின் மகன்களில் இருவர்: பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் கற்ற ரங்கநாதன், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் புல்லாங்குழல் கற்ற விஸ்வநாதன். சிற்றன்னை காமாட்சியின் பெண்கள்தான் பிருந்தாவும் முக்தாவும். அந்த வீட்டில் ஒரு குழந்தைக்குப் பாட்டு என்பது வகுப்புக்குப் போய்க் கற்கும் பாடமாக இருக்கவில்லை. அடுக்களையிலும் கூடத்திலும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பாலசரஸ்வதிக்கு நடனம் கற்பித்த கந்தப்ப பிள்ளையோ, தஞ்சை நால்வர் எனப்படும் நடன ஆசான் சகோதரர்களின் வழியில் வந்தவர். கண்டிப்புக்குப் பெயர் போனவர். 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அந்தப் பெண்ணின் அரங்கேற்றம் நடந்தது. பிறகு பல பத்தாண்டுகள் அவர் ஆடினார், தாய் ஜெயம்மாள் பின்னால் பாடினார். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் எல்லாமே இதைச் சுற்றித்தான் வருகிறது: இந்தக் குடும்பத்தில் ஆடுபவளும் பாடுபவளும் ஒரே இசையைக் குடித்து வளர்ந்தவர்கள். ஆடும்போது பாலசரஸ்வதி தானே பாடவும் செய்வார்.

அமெரிக்காவுக்கு முதலில் போனது நடனம் அல்ல, புல்லாங்குழல். 1958இல் விஸ்வநாதன் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே மேன்டில் ஹூட் என்ற பேராசிரியர் அந்தக் காலத்துக்குப் புதுமையான ஒரு கொள்கையை வைத்திருந்தார். பிற நாட்டு இசையைப் பற்றி எழுதுகிறவன் முதலில் அதைப் பாடவோ வாசிக்கவோ கற்க வேண்டும், ஒரு மனிதன் இரண்டு மொழி பேசுவதுபோல இரண்டு இசையும் அறியலாம் என்பது அந்தக் கொள்கை. ஆராய்ச்சியாளரோடு ஒரு வித்துவானும் பல்கலைக்கழகத்தில் உட்கார வேண்டிய தேவை இதனால்தான் ஏற்பட்டது. அவருடைய மாணவர்களில் ஒருவரான ராபர்ட் பிரவுன் மிருதங்கத்தில் ஆழ்ந்து, அதிலேயே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். ரங்கநாதனிடம் கற்றார். பின்னர் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் என்ற சிறிய ஊரில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது இந்தக் குடும்பத்தையும் அங்கே அழைத்துக்கொண்டார்.

பாலசரஸ்வதி முதன்முதலாக இந்தியாவுக்கு வெளியே ஆடியது 1961இல், டோக்கியோவில் நடந்த கிழக்கு மேற்கு இசைச் சந்திப்பில். 1962இல் அமெரிக்கா. மாசசூசெட்ஸில் டெட் ஷான் நடத்திவந்த ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் ஆடினார்; அந்த ஆண்டே வெஸ்லியனில் கற்பிக்கத் தொடங்கினார். 1963இல் எடின்பரோ விழா. மேற்குக் கரையில் சாமுவேல் ஸ்க்ரிப்ஸ், லூயிஸ் ஸ்க்ரிப்ஸ் தம்பதியர் கீழை நாட்டுக் கலைகளுக்காக ஒரு சங்கம் நிறுவி, ஓக்லண்டின் மில்ஸ் கல்லூரியில் கோடைப் பள்ளி நடத்தினார்கள். லூயிஸ் ஸ்க்ரிப்ஸே பாலசரஸ்வதியிடம் நடனம் கற்றவர். சகோதரர்களும் சகோதரியும் சேர்ந்து கற்பிக்கும் சூழல் அங்கே அமைந்தது. ஒரு மாணவி காலையில் அக்காவிடம் அடவு, மாலையில் தம்பியிடம் தாளம், இன்னொரு தம்பியிடம் பாட்டு என்று ஒரே குடும்பத்தாரிடம் மூன்றையும் கேட்க முடிந்தது. சென்னையில்கூட அப்போது ஒரு வெளிமாணவிக்கு இது எளிதில் கிடைத்திராது. பிருந்தாவும் பின்னர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் நால்வர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களாக இருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அவர்களிடம் கற்க வந்தவர்கள் யார்? பெரும்பாலும் வளர்ந்த அமெரிக்கர்கள். இசை மாணவர்கள், நவீன நடனக் கலைஞர்கள், ஆராய்ச்சியாளர்கள். இந்தியக் குழந்தைகள் அங்கே ஏறக்குறைய இல்லை. காரணம் எளிது. ஆசியாவிலிருந்து குடியேறுவதற்கு இருந்த கடுமையான வரம்பு 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் மருத்துவர்களும் பொறியாளர்களும் குடும்பத்தோடு போனார்கள். அவர்களுக்குப் பெண்கள் பிறந்து, ஆறேழு வயது ஆகி, சலங்கை கட்ட வேண்டும் என்ற ஆசை எழுந்தபோது 1970களின் பிற்பகுதி ஆகிவிட்டது. அந்த ஆசையை நிறைவேற்றியவர்கள், திருமணமாகி அங்கே சென்ற, ஏற்கெனவே நடனம் கற்றிருந்த பெண்கள். வீட்டின் நிலவறையிலும் கோயில் கூடத்திலும் வார இறுதி வகுப்புகள் தொடங்கினார்கள். அவர்கள் கற்றிருந்தது கலாக்ஷேத்ரா, பந்தநல்லூர், வழுவூர் பாணிகள். சென்னையிலும் மும்பையிலும் பரவலாகக் கற்பிக்கப்பட்டவை அவைதாம். ஆகவே அமெரிக்காவில் பரவியதும் அவையே. உங்கள் மகளின் வகுப்பு இந்த வழியில் வந்தது. பல்கலைக்கழக வழி அதற்கு முந்தியது, தனியானது, மிகச் சிறியது.

சிறியது என்பதால் பயனற்றது என்று ஆகிவிடாது. அந்த வழியில் என்ன நின்றது என்று கேட்டால், ஐயமே இல்லாமல் சொல்லக்கூடியது இசை. ஜான் ஹிக்கின்ஸ் என்ற மாணவர் விஸ்வநாதனிடமும் ரங்கநாதனிடமும் கற்று, 1960களில் திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பாடினார். நம்முடைய ரசிகர்கள் அவரைப் பாகவதர் என்றே அழைத்தார்கள். பரதநாட்டிய இசையையே தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் அவர். அவர் பாடிய பதங்களின் ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். சௌக்க காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில், ஒரு சொல்லை நிறுத்தி, அடுத்த சொல்லுக்கு இறங்கும் அந்தக் குழைவு தனம்மாள் வீட்டுக்கு உரியது. எழுத்திலிருந்தும் ஸ்வரக் குறிப்பிலிருந்தும் அதை எடுக்க முடியாது. எதிரில் உட்கார்ந்து காதால் வாங்கினால்தான் வரும். 1984 இறுதியில் மிடில்டவுன் சாலையில் ஒரு வாகனம் மோதி அவர் இறந்துபோனார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பாலசரஸ்வதி மறைந்திருந்தார். 1987இல் ரங்கநாதன். ஒரு மரபுக்கு நான்கு ஆண்டுகளுக்குள் இத்தனை இழப்பு.

விஸ்வநாதன் 1970களின் நடுவிலிருந்து 2002இல் மறையும்வரை வெஸ்லியனிலேயே கற்பித்தார். அமெரிக்க அரசின் கலை நிதியம் மரபுக் கலைஞர்களுக்கு வழங்கும் தேசிய கௌரவம் 1992இல் அவருக்குக் கிடைத்தது. அவருடைய மாணவர் பாலசுப்பிரமணியன் அங்கே வாய்ப்பாட்டையும், ரங்கநாதனின் மாணவர் டேவிட் நெல்சன் மிருதங்கத்தையும் தொடர்ந்து கற்பித்தார்கள். வெஸ்லியனில் ஆண்டுதோறும் நவராத்திரி விழா நடக்கும் வழக்கமும் 1970களிலிருந்து வருகிறது. குடும்பத்தில் பிறக்காதவர்களிடம் குடும்பத்தின் இசை போய்ச் சேர்ந்து நிலைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நடனம்? இங்கே என் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்கிறேன். நடனத்திலும் மாணவர்கள் இருந்தார்கள். மேதா யோத் என்ற இந்தியப் பெண்மணி பாலசரஸ்வதியிடம் கற்று, பிறகு லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் நடனம் கற்பித்தார். கே பூர்சீன் என்ற அமெரிக்க மாணவி வெஸ்லியனில் கற்பித்தார். சென்னையில், மியூசிக் அகாடமியில் 1953இல் பாலசரஸ்வதிக்காகத் தொடங்கப்பட்ட பள்ளியில் கற்ற நந்தினி ரமணி இன்றும் அந்த வழியின் முக்கியமான குரல். ஆக, யாரும் இல்லை என்று சொல்வது தவறு. ஆனால் ஒருவரிடமிருந்து ஐம்பது பேர், ஐம்பதிலிருந்து ஐந்நூறு என்று அது பெருகவில்லை. ஏன் என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒரு விளக்கம் உண்டு.

இன்றைய அரங்கேற்ற ஒத்திகைக்குப் போனால் என் கையில் ஒரு தாள் தருவார்கள். பல்லவியின் முதல் வரி நான்கு முறை, இரண்டாம் வரி ஆறு முறை, பிறகு ஜதி, மறுபடி முதல் வரி இரண்டு முறை. நான் எண்ணிக்கொண்டே பாடுவேன். ஒரு முறை கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பெண் தடுமாறிப்போவாள். அவள்மீது குற்றம் இல்லை. ஒவ்வொரு முறைக்கும் ஓர் அபிநயம் என்று அவளுக்கு முன்பே கட்டிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பாலசரஸ்வதியின் வழி இதற்கு நேர் எதிர். ஒரு வரியை எத்தனை முறை பாட வேண்டும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பாடகி ஒரு புது சங்கதியை, அதாவது அதே வரிக்கு ஒரு புது இசை வடிவத்தை விட்டால், ஆடுபவளின் கையும் கண்ணும் அந்தச் சங்கதிக்குப் பொருள் தேடும். அவள் ஒரு பாவத்தை விரித்தால், பாடகி அந்தச் சொல்லில் தங்க வேண்டும். ராகத்தில் மனோதர்மமாக ஸ்வரம் பாடுவது எப்படியோ, அப்படித்தான் அபிநயம். சத்யஜித் ராய் 1976இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில், யமுனா கல்யாணியில் அமைந்த 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்ற கன்னடப் பாடலைக் கடற்கரையில் ஆடுகிறார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 'விரைந்து வா' என்ற அந்த ஒரே அழைப்பு, திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் அழைக்கும் தாய் வேறு மனநிலையில் இருக்கிறாள். கெஞ்சுகிறாள், கொஞ்சுகிறாள், பொய்க்கோபம் கொள்கிறாள். காற்றில் புடவை பறந்துகொண்டிருக்கிறது, அதைக்கூட அவர் பொருட்படுத்துவதில்லை.

இதை எப்படிக் கற்பிப்பது? அடவைக் கற்பிக்கலாம். தட்டுக்கழியைத் தட்டிக் காலத்தைப் பிடிக்க வைக்கலாம். ஆனால் இந்த அபிநயத்துக்கு, பாட்டின் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு கமகமும் ஆடுபவளின் உடம்பில் ஊறியிருக்க வேண்டும். அதற்கு ஒரு பதத்தை மாதக்கணக்கில் பாட வேண்டும், கேட்க வேண்டும். பாலசரஸ்வதி ஓரிடத்தில் சில மாதங்கள், ஒரு பருவம் என்று கற்பித்துவிட்டு ஊர் திரும்புவார். அடுத்த அழைப்பு வரும்போது மறுபடி போவார். பயிற்சிப் புத்தகம் போட்டு, படிநிலைத் தேர்வு வைத்து, ஆண்டுக்கு இத்தனை பேரைத் தேர்ச்சி பெறச் செய்யும் அமைப்பு எதையும் அவர் உண்டாக்கவில்லை. 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா அந்த அமைப்பை உண்டாக்கியது. அங்கே பயின்ற ஒருவர் உலகின் எந்த மூலையிலும் வகுப்பைத் தொடங்கிவிடலாம், அடவின் அளவும் வரிசையும் ஒன்றாகவே இருக்கும். பரவுவதற்கு ஏற்ற வடிவம் அது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் உங்கள் ஊரில் வகுப்பே இருந்திருக்காது.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாலசரஸ்வதிக்குச் சிருங்காரம்தான் நடனத்தின் உயிர். காதலனுக்காகக் காத்திருப்பவள், அவனிடம் பிணங்குபவள், தோழியைத் தூது அனுப்புபவள், இவர்களெல்லாம் இருக்கும் பதங்களும் ஜாவளிகளும்தான் அவருடைய செல்வம். கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி பக்தியை முன்னிறுத்தி, சில பதங்களைக் கண்ணியக் குறைவானவை என்று விலக்கியபோது, இவர் உடன்படவில்லை. அந்தப் பாடல்களில் அழுக்கு இல்லை, அவற்றைத் தூய்மைப்படுத்த வேண்டிய தேவையும் இல்லை என்பதில் உறுதியாக நின்றார். அவருடைய நிலைதான் சரி என்பது என் கருத்து. அந்தப் பதங்களை உருவாக்கி, தலைமுறைகளாகக் காத்துத் தந்தவர்கள் தேவதாசி மரபில் வந்த பெண்கள். 1947இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த சட்டம் அந்த மரபையே முடித்துவைத்தது. கலையை எடுத்துக்கொண்ட சமூகம் அவர்களை மறந்துவிட்டது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பரதம் கற்பிக்க விரும்பும் பெற்றோர், சென்னையிலாகட்டும் நியூஜெர்சியிலாகட்டும், முருகன் மேலும் கண்ணன் மேலும் பாடிய பக்திப் பாடல்களையே எளிதாக ஏற்கிறார்கள். வயதுக்கு ஏற்ற பாடல் வேண்டும் என்பது நியாயமானதுதான். பதினெட்டு, இருபது வயதானபின்கூட அந்தப் பதங்களின் பக்கம் போகாமலே நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

இனி, நீங்கள் படிக்கும் கட்டுரைகளில் உறுதிபோல எழுதப்பட்டிருந்தாலும் சற்று நிதானித்து ஏற்க வேண்டியவை சில. ஏழு தலைமுறை, ஒன்பது தலைமுறை என்ற கணக்கைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சை அரசவையில் இருந்த பாப்பம்மாள் என்ற மூதாதையிடமிருந்து குடும்பம் அதைத் தொடங்குகிறது. தனம்மாள் முதல் இன்றுவரை உள்ள வரிசைக்கு எழுத்துச் சான்று உண்டு. அதற்கு முந்தையது பெரும்பாலும் வீட்டில் சொல்லப்பட்டு வந்த நினைவு. நான் அந்த நினைவை மதிக்கிறேன். இசைக் குடும்பங்கள் பொய்யாக இப்படிக் கட்டிக்கொள்வது அரிது. ஆனாலும் நினைவை நினைவு என்றே சொல்ல வேண்டும். அமெரிக்காதான் பாலசரஸ்வதிக்கு உரிய மதிப்பைத் தந்தது, சென்னை கைவிட்டது என்ற பேச்சும் உண்டு. அதில் பாதி உண்மை. கலையோடு அவருடைய பிறப்பையும் சேர்த்தே எடைபோட்ட ஒரு நகரத்திலிருந்து, ஆட்டத்தை மட்டும் பார்த்துக் கைகட்டி நின்ற ஓர் ஊருக்குப் போனது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அகாடமி அவருக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்தது, 1973இல் சங்கீத கலாநிதி விருதும் தந்தது. நடனக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுக்குத் தலைமை ஏற்றபோதுதான், நடனக் கச்சேரியைக் கோயிலுக்கு ஒப்பிட்டு அவர் நிகழ்த்திய உரை அமைந்தது. அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், சப்தம் மகாமண்டபம், வர்ணம் மூலவர் சந்நிதி என்று போகும் அந்த உரையை இன்று உலகெங்கும் நடன ஆசிரியர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். சென்னையில், தமிழ் இசைக்கான மேடையில் பிறந்தது அது.

அமெரிக்கர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவர் பாடத்தை எளிமையாக்கினாரா என்பதற்கு, கற்றவர்கள் எழுதியவற்றையும் சொன்னவற்றையும் வைத்துப் பார்த்தால், எளிமையாக்கினார் என்று கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை. ஹிக்கின்ஸின் பாட்டு எளிமையாக்கப்பட்ட பாட்டு அல்ல. நடனத்தில் ஒவ்வொருவரும் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்பதை, ஆடத் தெரிந்த ஒருவர்தான் எடைபோட வேண்டும்.

குடும்பத்துக்குள் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலசரஸ்வதியின் ஒரே மகள் லட்சுமி 1943இல் பிறந்தார். 1970களில்தான் மேடைக்கு வந்தார். ரங்கநாதனின் மிருதங்க மாணவரான டக்ளஸ் நைட்டை மணந்து அமெரிக்காவில் வாழ்ந்தார், தாயின் பதங்களை அதே நிதானத்தோடு ஆடினார், கற்பித்தார், 2001இல் மறைந்தார். பாலசரஸ்வதியின் வாழ்க்கையை விரிவாக எழுதியவர் இந்த மருமகன்தான். லட்சுமியின் மகன் அனிருத்த நைட் தாயிடம் நடனமும் விஸ்வநாதனிடம் இசையும் கற்றார். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அவர் இன்று ஆடுவதும் பாடுவதும் பாட்டியின் வீட்டு வழியில்தான். பெண்கள் வழியாகவே வந்த ஒரு நடன மரபு, அயல்நாட்டில் பிறந்த ஓர் ஆணிடம் வந்து நிற்கிறது. அவரிடமும் ஆடுவதற்கு முன் பாட்டுதான் இருந்தது: சிறு வயதிலிருந்தே அந்த வீட்டில் குழலும் மிருதங்கமும் கேட்டுக்கொண்டிருந்தன. ஜார்ஜ் டவுன் கூடத்தில் நடந்த அதே காரியம் கனெக்டிகட்டிலும் நடந்திருக்கிறது. அதனால்தான் இடம் மாறியதால் கலை கெட்டுவிடும் என்ற பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை. கேட்கும் சூழலை உடன் எடுத்துச் சென்ற வரையில் அது எங்கும் வளர்ந்தது.

உங்கள் மகளுக்கு வருகிறேன். பாலசரஸ்வதி பாணி கற்பிக்கும் ஆசிரியரைத் தேடி இப்போது வகுப்பை மாற்ற வேண்டாம். அரங்கேற்றத்துக்கு ஓராண்டு இருக்கும்போது அடவை மாற்றுவது அவள் உடம்பையும் குழப்பும், எட்டு ஆண்டுகள் உழைத்த ஆசிரியையின் மனத்தையும் புண்படுத்தும். ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்யச் சொல்வேன். அவள் ஆடப்போகும் வர்ணத்தை அவளைப் பாடச் சொல்லுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஸ்ருதிப்பெட்டியை வைத்து, கையில் தாளம் போட்டு, பல்லவியின் ஒரு வரியை ஒரு மாதம் பாடட்டும். தெலுங்கு வர்ணமானால் ஒவ்வொரு சொல்லின் பொருளையும் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கோடை விடுமுறைக்குச் சென்னை வந்த ஒரு பெண், பிறந்தது வெளிநாட்டில், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும், என்னிடம் மூன்று வாரம் ஒரே ஒரு பதம் கற்றாள். அபிநயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. பாட்டை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். கடைசி நாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே, தானே பாடிக்கொண்டு அவள் கையை எடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்த ஒரு சங்கதியில் சற்று அதிக நேரம் நின்று, அந்த நேரத்துக்கு ஏற்ப பார்வையைத் தாழ்த்தினாள். அதை யாரும் அவளுக்குக் கட்டிக் கொடுத்திருக்கவில்லை. மறுநாள் விமானம் ஏறிவிட்டாள்.

உங்கள் மகளின் ஆசிரியை சம்மதித்தால், அரங்கேற்றத்தில் ஒரு பதத்துக்கு மட்டுமாவது பதிவு செய்த இசையைத் தவிர்த்து நேரில் பாட ஆள் வையுங்கள். அந்தப் பாடகிக்கு, எத்தனை முறை என்ற கணக்கைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்றும் ஆசிரியையிடம் சொல்லிவிடுங்கள். ஒத்திகைக்கு அதிக நாள் பிடிக்கும், செலவும் கூடும். அதற்கு இப்போதே ஆள் பார்க்கத் தொடங்கினால்தான் முடியும்.